உலோபிக்கு உறவான ஒரு வினைச்சொல்

ஆங்கிலேயர் ஒருவர் "ஆறு மணிக்கு ரயில்" என்றால் நேரே போய் ஏறிக்கொள்ளலாம். "ஆறு மணிக்கு என்று பிலீவ் பண்ணுகிறேன்" என்றாரானால், எதற்கும் ஒரு தடவை கவுண்டரில் கேட்டுக்கொள்வது நல்லது. அந்தச் சொல் வந்து உட்கார்ந்ததுமே வாக்கியத்தின் உறுதி ஒரு படி இறங்கிவிடுகிறது. நாளைக்கு ரயில் ஐந்தரைக்கே போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் முதல் வினைச்சொல்லும் அதேதான். ரயில் நேரம் சரியாகத் தெரியாது என்பதற்கும், தலையே போனாலும் இதை விடமாட்டேன் என்பதற்கும் ஒரே சொல்.

பாளையங்கோட்டையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. குடும்பம். வாரநாளில் அந்தச் சொல்லுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை அதையே வாயால் சொல்கிறவளுக்கு இந்த முரண்பாடு கண்ணில் படாமல் போகாது.

வகுப்பில் இந்தச் சொல் தரும் தொல்லை எழுத்துக்கூட்டிலேயே தொடங்கும். ஐ முந்தியா, இ முந்தியா என்று பாதிப் பேருக்குக் குழப்பம். சொல்லின் நடுவில் எல், ஐ, இ மூன்றும் சேர்ந்து 'லை' என்று, அதாவது பொய் என்று, உட்கார்ந்திருக்கிறது, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்போம். உடனே பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "அப்போ நம்பிக்கைக்குள்ளேயே பொய் இருக்குன்னு சொல்றீங்களா மிஸ்?" என்பான். எல்லா பேட்சிலும் அப்படி ஒருவன் உண்டு. அடுத்தது 'ஐ ஆம் பிலீவிங்'. கட்டுரை நோட்டில் இதைச் சிவப்பு மையில் அடிக்காத ஆங்கில ஆசிரியர் நம் ஊரில் இருக்க மாட்டார். பிலீவ் என்பது சாப்பிடுவதைப்போல, நடப்பதைப்போல இப்போது நடந்துகொண்டிருக்கும் காரியமல்ல, அது ஒரு நிலை, ஆகவே 'இங்' போடக்கூடாது என்பது விதி. தூங்குகிறவன்கூட எதையோ பிலீவ் பண்ணிக்கொண்டேதான் தூங்குகிறான்.

மூன்றாவது தொல்லைதான் சரக்குள்ளது. 'பிலீவ் ஹிம்' என்பதற்கும் 'பிலீவ் இன் ஹிம்' என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் அவர் சொன்ன சேதியை ஏற்றுக்கொள்கிறோம். இரண்டாவதில் ஆளையே நம்புகிறோம். சரி, 'பிலீவ் இன் கோஸ்ட்ஸ்' என்றால்? பேயை யாரும் ஆளாக மதித்து நம்புவதில்லை. பேய் இருக்கிறது என்று நினைக்கிறோம், அவ்வளவுதான். ஒரே 'இன்' ஓரிடத்தில் ஒருவரிடம் தன்னை ஒப்புக்கொடுப்பதாகவும், இன்னோரிடத்தில் ஒரு பொருள் உலகத்தில் உண்டா இல்லையா என்ற கணக்காகவும் இருக்கிறது. 'டு யூ பிலீவ் இன் காட்' என்று ஒருவர் கேட்டால் அவர் எந்தக் கணக்கில் கேட்கிறார்? இன்றைக்குக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பேய்க் கணக்கில்தான் கேட்கிறார்கள்.

சொல்லின் வம்சத்தைப் பார்த்தால் கதை வேறு மாதிரி தொடங்குகிறது. பழைய ஆங்கிலத்தில் இது 'யெலீவன்' என்ற மாதிரி ஒலித்தது. முன்னால் இருந்த 'யெ' உதிர்ந்து 'பி' ஒட்டிக்கொண்டது 12ஆம் நூற்றாண்டு வாக்கில். ஜெர்மன் மொழியின் 'கிளவ்பன்' இதற்கு உடன்பிறப்பு. நடுவிலிருக்கும் வேர், 'லவ்' என்ற சொல்லில் இருக்கும் அதே வேர். அருமையாகக் கருது, ஆசை வை என்பது அதன் அடிப்பொருள். அந்த வேர் கிழக்கே வந்து வடமொழியில் 'லுப்' ஆயிற்று, அதிலிருந்து லோபம், லோபத்திலிருந்து நம்முடைய உலோபி. ஆங்கிலேயர் பிரார்த்தனையில் சொல்லும் சொல்லும், காசைக் கையை விட்டு விடாதவனை நாம் திட்டும் சொல்லும் ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகள்.

இதே பொருளில் வரும் லத்தீனின் 'கிரேடோ'வுக்கு இன்னும் கௌரவமான உறவு. கிரெடிட் கார்டில் இருக்கும் கிரெடிட் அதன் பிள்ளை. வடமொழியின் 'சிரத்தா' அதற்குக் கூடப்பிறந்தது. இதயத்தை வைத்தல் என்று அதற்கு மூலப்பொருள் சொல்வார்கள். மறுக்கிறவர்களும் உண்டு. அந்தச் சிரத்தா தமிழுக்கு வந்து சிரத்தையாகி, மதத்தை விட்டு வேலைக்குப் போய்விட்டது. கோலத்தைச் சிரத்தையாகப் போடுகிறாள் என்கிறோம். கோலம் உண்டு என்று நம்புகிறாள் என்று அதற்கு அர்த்தமில்லை. முன்னோருக்குக் கொடுக்கும் சிராத்தமும் அதே குடும்பம்.

இந்த மாதிரி வேர் தோண்டுவதில் ருசி இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது அது இன்று என்ன சொல்கிறது என்பதற்குச் சாட்சியாகாது. ஆகுமென்றால் பக்தர்கள் எல்லாரையும் கஞ்சர்கள் என்றுதான் சொல்லவேண்டும். வேர் ஒரு தடயம் மட்டும். ஜனங்கள் அதை எப்படிப் புழங்கினார்கள் என்பதுதான் வழக்கு.

அந்தப் புழக்கத்தை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேடிப்போனவர் வில்ஃப்ரெட் கேன்ட்வெல் ஸ்மித். கனடாக்காரர், பிரிஸ்பிட்டேரியன் குருவானவர். பிரிவினைக்கு முந்தைய லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், பின்னாளில் ஹார்வர்டில் உலக மதங்களுக்கான ஆய்வு மையத்தின் இயக்குநர். 1977ல் 'பிலீஃப் அண்ட் ஹிஸ்டரி' என்றும், 1979ல் 'ஃபெய்த் அண்ட் பிலீஃப்' என்றும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். மூன்று நழுவல்களை அவர் காட்டுகிறார். ஆரம்பத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருளாக வந்தவர் பெரும்பாலும் ஓர் ஆள், பிற்பாடு அந்த இடத்துக்கு ஒரு கூற்று வந்து உட்கார்ந்தது. முன்பு 'நான்' என்று தன்மையில் சொன்னது, பிற்பாடு 'அவர்கள் இப்படி பிலீவ் பண்ணுகிறார்கள்' என்று படர்க்கைக்குப் போயிற்று. உண்மை என்று தெரிந்ததைக் குறித்த சொல், பிறகு உண்மையோ பொய்யோ தெரியாததைக் குறித்து, கடைசியில் பொய் என்று தெரிந்ததையே குறிக்க ஆரம்பித்தது. அவர் காலத்து அமெரிக்க அகராதி ஒன்றில் 'பிலீஃப்' என்ற சொல்லுக்குத் தந்திருந்த உதாரணம், பூமி தட்டை என்ற நம்பிக்கை!

இந்த நழுவலுக்கு ஆங்கிலத்தின் ஓர் உடற்குறையும் காரணம். 'ஃபெய்த்' என்ற பெயர்ச்சொல் லத்தீனின் 'ஃபிதேஸ்' என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. விசுவாசம், வாக்குத் தவறாமை என்ற பொருள் அதில் இன்றுவரை உயிரோடிருக்கிறது. ஆனால் அதற்கு வினை கிடையாது. 'ஐ ஃபெய்த் யூ' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே 'ஃபெய்த்' என்ற வண்டியை இழுக்கும் வேலையும் 'பிலீவ்' தலையிலேயே விழுந்தது. அது வெறும் அபிப்பிராயம் என்று ஆனபோது, மதம் முழுவதும் அதோடு இழுபட்டுப் போய் அபிப்பிராயங்களின் பட்டியல் ஆகிவிட்டது. கிரேக்கத்தில் இந்தக் குறை இல்லை. 'பிஸ்டிஸ்' பெயர், 'பிஸ்டியூவோ' வினை. யோவான் எழுதின சுவிசேஷத்தில் அந்த வினை 98 இடங்களில் வருகிறது. பெயர்ச்சொல் ஓரிடத்தில்கூட இல்லை. நம்பிக்கை என்ற ஒரு சரக்கு யாரிடமோ இருப்பதாக அவர் எழுதவே இல்லை. நம்பினார்கள், நம்பவில்லை, நம்புகிறாயா என்று வினையாகவே எழுதிக்கொண்டு போகிறார். அதிலும் பல இடங்களில் 'அவருக்குள்' என்று, உள்ளே போகும் திசையைக் காட்டும் உருபோடு எழுதுகிறார். வெளியார் எழுதிய கிரேக்கத்தில் பழகாத அமைப்பு அது.

விசுவாசப் பிரமாணம் எங்கே பிறந்தது என்று பார்த்தால் ஸ்மித் சொல்வதில் பாதி அங்கேயே நிரூபணமாகிவிடுகிறது. 4ஆம் நூற்றாண்டு எருசலேமில் ஞானஸ்நானம் எப்படி நடந்தது என்பதற்கு, ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் உபதேசங்கள் இருக்கின்றன. ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி. ஞானஸ்நானம் பெறப்போகிறவர்கள் முதலில் வெளிமண்டபத்தில் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். மேற்கு, பொழுது போய் இருட்டு விழும் திசை. சாத்தான் எதிரிலேயே நிற்கிறான் என்ற பாவனையில் கையை நீட்டி, உன்னையும் உன் வேலைகளையும் உன் ஆடம்பரத்தையும் விட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். பிறகு கிழக்கே திரும்பி, பிதாவையும் குமாரனையும் பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறேன் என்று அறிக்கையிட வேண்டும். உள்ளே போனதும் உடுத்தியிருந்ததைக் களைந்து, தலைமுதல் கால்வரை எண்ணெய் பூசி, குளத்துக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே மறுபடியும் கேள்வி. பதில் சொல்லி மூன்று தடவை முழுகி எழுந்தால் ஆள் இந்தப் பக்கம் வந்தாயிற்று. பிரமாணத்தைச் சொல்லும்போது கிழக்கே திரும்பும் பழக்கம் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் ஆலயங்கள் சிலவற்றில் பிற்காலம்வரை இருந்தது.

சாத்தான் இருக்கிறானா என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்கவில்லை. சாத்தானும் இருக்கிறான், ஆண்டவரும் இருக்கிறார் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. நீ யார் பக்கம் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலாக வந்த 'விசுவாசிக்கிறேன்' ஒரு தகவல் அல்ல, கட்சி மாறும் சத்தியம். கல்யாணத்தில் "சம்மதம்" என்று சொல்கிற பெண், தன் மனசுக்குள் சம்மதம் என்ற ஒன்று இருப்பதாக ஊருக்குச் சேதி சொல்லவில்லையே. சொல்வதாலேயே ஒரு காரியம் நடந்துவிடுகிறது.

இதனால்தான், 2011ல் கத்தோலிக்கர்கள் தங்கள் ஆங்கிலப் பூசைப் புத்தகத்தைத் திருத்தியபோது 'நாங்கள்' என்றிருந்ததை 'நான்' என்று மாற்றினது எனக்குச் சரியாகவே பட்டது. 325ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் எழுதினது 'நாங்கள்' என்றுதான். அது ஒரு சபையின் தீர்மானம். ஆனால் குளத்தங்கரையில் நின்றவர்கள் தனித்தனியாக நனைந்தார்கள்.

பிறகு இந்தச் சொல்லை யார் கெடுத்தது? ஒரே ஆள்மேல் பழி போடுவது நியாயமில்லை. இருந்தாலும் 1651ல் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் தம்முடைய 'லெவயதான்' ஏழாம் அத்தியாயத்தில் செய்திருக்கும் காரியம் சாமர்த்தியமானது. 'பிலீவ் இன்' என்ற பிரயோகம் வேதசாஸ்திரிகள் எழுத்தில் தவிர வேறெங்கும் இல்லை என்று முதலில் சரியாகவே கவனிக்கிறார். மற்றவர்கள் 'அவரை நம்புகிறேன்', 'அவரைச் சார்ந்திருக்கிறேன்' என்றுதான் எழுதுவார்கள் என்கிறார். கவனிப்பு அபாரம். அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பாருங்கள்: ஆகவே பிரமாணத்தில் வரும் 'பிலீவ் இன்' என்பது ஆளை நம்புவதல்ல, கோட்பாட்டை ஒத்துக்கொள்வது. உள்நாட்டுப் போரில் தேசம் ரத்தக்களறியான காலத்தில் எழுதிய மனுஷர் அவர். ஆண்டவரைத் தாங்களே நேராக நம்புவதாகச் சொல்லிக் கிளம்புகிறவர்களைக் கட்டி மேய்க்க முடியாது. கோட்பாட்டை ஒத்துக்கொள்கிறவனை அரசாங்கம் சமாளித்துக்கொள்ளும். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குளத்தங்கரைச் சத்தியத்தை ரிஜிஸ்டரில் போடும் கையெழுத்தாக்கினவர்களில் அவருக்கும் பங்கு உண்டு. அந்த நூற்றாண்டின் கடைசியில் இன்னொரு தத்துவஞானி ஜான் லாக் வந்து, நிச்சயமாகத் தெரிந்தது ஒரு பக்கம், அதற்குக் கீழே சாட்சியின் பலத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் சம்மதம் மறு பக்கம் என்று பிரித்து வைத்தார். ரயில் நேரம் சொல்லும் 'பிலீவ்' அந்தக் கீழ்த்தட்டில்தான் நிற்கிறது.

இதுவரை ஸ்மித்தோடு கூடவே நடந்துவிட்டேன். ஓர் இடத்தில் அவரை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது. பழைய காலத்தில் நம்பிக்கை என்றால் அன்பும் விசுவாசமும்தான், கூற்றுகளைப் பற்றிய கவலை பிற்காலத்து நோய் என்று அவர் பேசிக்கொண்டே போகும்போது யாக்கோபின் நிருபம் குறுக்கே வந்து நிற்கிறது. தேவன் ஒருவரே என்று பிசாசுகளும் விசுவாசிக்கின்றன, விசுவாசித்து நடுங்கவும் செய்கின்றன என்கிறது அதன் இரண்டாம் அதிகாரம். அங்கே வருவது அதே கிரேக்க வினை. அன்பும் இல்லை, கட்சி மாறவும் இல்லை, உண்மையை ஒத்துக்கொள்வது மட்டும் இருக்கிறது. முதல் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் தெரிந்திருக்கிறது. பழைய ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான், ஒருவர் சொன்னதை மெய்யென்று கொள்வதற்கும் அது வழங்கியிருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய தடங்கல் வில்லியம் கிளிஃபர்ட். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கணிதப் பேராசிரியர், 33 வயதிலேயே போய்விட்டவர். 1877ல் நம்பிக்கையின் ஒழுக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். பிழைப்புத் தேடி வேற்றுநாடு போகும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்ப வேண்டும். கப்பல் பழசு, கட்டினபோதே அவ்வளவு நன்றாகக் கட்டவில்லை, பல தடவை பழுது பார்த்தாயிற்று. முதலாளிக்கு உள்ளூர உறுத்துகிறது. செலவு செய்து முழுசாகப் பார்த்துவிடலாமா என்று யோசிக்கிறார். பிறகு, இத்தனை புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே, ஆண்டவன் இத்தனை குடும்பங்களைக் கைவிடுவானா, கட்டினவர்களைச் சந்தேகப்படுவது நல்ல மனசுக்கு அழகா என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறார். கொஞ்ச நாளில் உண்மையாகவே நம்பிவிடுகிறார். துறைமுகத்தில் நின்று மனசார வாழ்த்தி வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. இன்ஷூரன்ஸ் பணம் கைக்கு வருகிறது.

அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை என்பதுதான் கிளிஃபர்டின் குற்றச்சாட்டு. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் ஒரு குன்றிமணி குறையாது என்கிறார். இது மேஜையில் உட்கார்ந்து கற்பனை செய்த உதாரணம் மட்டுமல்ல. 1870ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவில் கிளிஃபர்டும் இருந்தார், சிசிலிக் கரைக்குப் பக்கத்தில் கப்பல் உடைந்து தப்பி வந்தவர் அவர். கிளிஃபர்டுக்குப் பதில் சொல்லி அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ் 1896ல் எழுதின கட்டுரைதான் உலகம் கொண்டாடுவது. எனக்கு என்னவோ கப்பல் முதலாளிதான் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. கப்பல்மேல் அவருக்கு அன்பு இருந்தது, விசுவாசம் இருந்தது, ஆண்டவன்மேல் பாரத்தைப் போடவும் செய்தார். ஸ்மித் கேட்கும் எல்லாமே அவரிடம் இருந்தன. அடிப்பலகை உளுத்திருந்தது. இதயத்தைக் கொடுத்தால் போதும் என்கிறவர்களிடம், யாருடைய உயிரை வைத்துக் கொடுக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நோயாளிக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் பண்ணச் சொல்கிறவர்களும் விசுவாசம் என்ற வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

தமிழில் இந்தச் சிக்கலின் முடிச்சு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. சபைக்கு வெளியே விசுவாசம் என்றால் நாய் காட்டுவது, பழைய வேலைக்காரர் முதலாளிக்குக் காட்டுவது, தொண்டர் தலைவருக்குக் காட்டுவது. நாய்க்கு எஜமானர் உண்டு என்ற அபிப்பிராயம் இருப்பதாக யாரும் சொல்வதில்லை. 'ஃபெய்த்' என்ற சொல்லில் ஸ்மித் தேடின பழைய பொருள் நம் தெருவில் செலவு இல்லாமல் கிடைக்கிறது. சபைக்குள் அதே சொல் பிரமாணத்தை ஒத்துக்கொள்வது என்று சுருங்கிப்போனதுதான் வேடிக்கை. கத்தோலிக்கர்கள் 'விசுவசிக்கிறேன்' என்றிருந்ததை விட்டு 'நம்புகிறேன்' என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நாங்கள் இன்னும் விசுவாசிக்கிறோம்.

'நம்பு' லேசான சொல் அல்ல. மழையை நம்பி விதைக்கிறோம், மகனை நம்பிக் கடன் வாங்குகிறோம். மழை உண்டு, மகன் உண்டு என்பதா பேச்சு? அந்த 'ஐ' உருபு ஆளைத் தொட்டு நிற்கிறது, அவர் காலை வாரினால் நான் விழுவேன் என்கிறது. பெரியார் சிலைப் பீடங்களில் இருக்கும் வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று கவனிப்பேன். கடவுள் இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது கற்பித்தவனை, பரப்பியவனை, வணங்குகிறவனை. நம்புகிறவன் அந்த வரிசையில் இல்லை. மூன்று பேரும் காரியம் செய்கிறவர்கள். மனசுக்குள் இருக்கும் அபிப்பிராயத்தைவிட, கை கூப்பும் செயல்தான் மதம் என்பதை அதன் எதிரி சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

இந்த வினை எல்லா ஜனத்துக்கும் பொதுவானது என்றுகூட எடுத்துக்கொள்ள முடியாது. தெற்குச் சூடானின் நூவர் மக்களைப் பற்றி 1956ல் எழுதிய மானுடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட், 'நான் பிலீவ் பண்ணுகிறேன்' என்பதற்கு ஈடாக நிற்கக்கூடிய சொல் அவர்கள் மொழியில் இல்லை என்று பதிவு செய்திருக்கிறார். ராத்திரி பகலாக ஆவியைக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள். கூப்பிடுவதற்குச் சொல் இருந்தது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேரன் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தான். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, வெந்தும் வேகாததுமாக அடுப்பிலிருந்த முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டான். "ஆச்சி, இன்னைக்கு எந்திரிச்சு நின்னு சொன்னீங்களே, கன்னி வயித்துல பொறந்தாரு, மூணாம் நாள் எந்திரிச்சாருன்னு, அதெல்லாம் நெசமாவே நம்புதீங்களா?"

"நீ எதைக் கேக்கேன்னு மொதல்ல சொல்லுலே. நடந்துதான்னு கேக்கியா, நான் யார் பக்கம்னு கேக்கியா?"

"சுத்தி வளைக்காதீங்க. நடந்துச்சா இல்லையா?"

எருசலேம் குளத்தையும் கிழக்கு மேற்கையும் அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "சரி, யார் பக்கம்னு முடிவு பண்ணிட்டீங்க. அந்தப் பக்கத்துல ஆள் இருக்காரான்னு பாக்க வேண்டாமா?" என்றான். கிளிஃபர்டைப் படிக்காமலேயே கப்பலின் அடியில் கையை வைத்துவிட்டான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. பேய்க் கணக்கில் கேட்கிறான் என்று அதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஆள் இல்லாத இடத்தில் சத்தியம் பண்ணிக்கொடுத்தால் அது சத்தியம் ஆகாது.

ஆனால் அந்தக் கேள்வியை 'நான்' என்ற இடத்திலிருந்து கேட்கும்போது ஒரு விசித்திரம் இருக்கிறது. 1944ல் கேம்பிரிட்ஜில் தத்துவஞானி ஜி.இ. மூர் காட்டினது அது. "மழை பெய்கிறது, ஆனால் மழை பெய்கிறது என்று நான் பிலீவ் பண்ணவில்லை." வெளியே மழை பெய்யலாம், உள்ளே அவர் அதை நம்பாமலும் இருக்கலாம், இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கத் தடையில்லை. இருந்தும் அவரே அதைச் சொல்ல முடியவில்லை, சொன்னால் பைத்தியம் என்போம். இதைக் கேட்டு அவருடைய சகாவான விட்கன்ஸ்டைன் பரபரத்துப்போனார். தப்பாக நம்புவது என்பதற்கே தனியாக ஒரு வினைச்சொல் இருந்தால், அதற்குத் தன்மை நிகழ்காலம் இருக்கவே முடியாது என்று எழுதினார். அந்த வினைச்சொல் நம்மிடம் ஏறக்குறைய இருக்கிறது. "நம்பிக்கிட்டிருக்கான், பாவம்" என்றால் அவன் ஏமாறப்போகிறான் என்று அர்த்தம். "நம்பிக்கிட்டிருந்தேன்" என்றால் ஏமாந்தாயிற்று. "நம்பிக்கிட்டிருக்கேன்" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால், பாதி நம்பிக்கை அப்போதே போய்விட்டது. சிவப்பு மையால் நான் அடித்த 'பிலீவிங்'குகளில் சிலது அப்படிப்பட்டதோ என்னவோ.

வெளியிலிருந்து பார்த்தால் என் நம்பிக்கை ஓர் அபிப்பிராயம். எடைபோடலாம், ஆதாரம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். உள்ளேயிருந்து அதை அப்படி எட்ட நின்று பார்க்க வழியில்லை. நான் நம்புகிறேன் என்று சொல்லும்போது என் தலைக்குள் எட்டிப்பார்த்து நிலவரம் சொல்லவில்லை, என்னைப் பிணை வைக்கிறேன். அந்தப் பிணை செல்லுமா என்ற கேள்வி அப்போதும் மீதி இருக்கிறது. பேரனுடைய கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான். அவனுக்கு அது போதவில்லை, போதாது என்று எனக்கும் தெரியும்.

மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைச் சொன்னேன். வலிப்பு வந்து நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்துகொண்டிருந்த ஒரு பையனை அவன் தகப்பன் கூட்டிக்கொண்டு வருகிறான். சீஷர்களால் ஒன்றும் ஆகவில்லை. உங்களால் ஏதாவது முடிந்தால் பாருங்கள் என்கிறான் அவன், இயேசுவிடமே. முடிந்தால் என்ற சொல்லை அவர் பிடித்துக்கொள்கிறார். அப்போது அந்த ஆள் கதறுகிறான். நம்புகிறேன் என்கிறான், அதே மூச்சில் என் நம்பாமைக்கு உதவி செய்யும் என்கிறான். மூரின் மழை வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய வாக்கியம் அது. தன்மை, நிகழ்காலம், உண்டு என்றும் இல்லை என்றும் ஒரே வாயில். அவனைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் நம்பாமையை முடித்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவும் இல்லை.

"லாஜிக்குல நிக்காதே ஆச்சி இது."

"நிக்காது."

"பையனுக்குச் சரியாச்சா?"

"ஆச்சு. கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டாரு, எந்திரிச்சுட்டான்."

"அப்பனுக்கு? அந்த நம்பாமை?"

"அதைப் பத்தி மாற்கு அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலை" என்றேன்.